தபாலில் போகும் யாளி

மார்கழி பிறந்துவிட்டால் கடைத்தெருவில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடும் வழக்கம் சென்ற நூற்றாண்டில் நம் ஊர்களில் இருந்ததை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கரும்பும் காளையும் பொங்கிவழியும் பானையும் வர்ணத்தில் மின்ன, குழந்தைகள் கால் கடுக்க நின்று தேர்ந்தெடுப்பார்கள். இந்த நூற்றாண்டில் கைப்பேசி வந்தது, அட்டைகள் மறைந்தன. இப்போது ஒருவர் அனுப்பிய படத்தையே நாம் இன்னும் நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, பண்டிகைக் கடமை தீர்ந்ததென்று பெருமூச்சு விடுகிறோம். செய்தி விரைவில் போவதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் அந்த நூறு பேரில் ஒருவருக்காவது நம் கை சற்று வேலை செய்ததா என்று கேட்டால், பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆகையால் இவ்வாரம், வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்வதைப் பற்றிச் சொல்ல உத்தேசித்திருக்கிறோம். அதிலும் ஒரு நிபந்தனை: அட்டையில் இருக்க வேண்டியது உலகத்தில் இல்லாத ஒரு பிராணி, அதன் பின்னணியில் இருக்க வேண்டியது நம் ஊரில் கைக்கெட்டும் ஒரு பொருள்.

இல்லாத பிராணி எதற்கு என்று கேட்கலாம். மிருகங்களைக் கலந்து படைப்பதில் நம் சிற்பிகளுக்கு இணையானவர் உலகில் சிலரே. சிங்கத்தின் உடலில் யானையின் துதிக்கையைப் பொருத்தினார்கள், யாளி பிறந்தது. பசுவின் உடலும் பெண்ணின் முகமும் மயிலின் தோகையும் சேர்ந்தன, காமதேனு பிறந்தது. மீனும் முதலையும் யானையும் கலந்தது மகரம். ஒன்பது பெண்கள் வளைந்து நெளிந்து ஒரு யானையாக நிற்பது நவநாரி குஞ்சரம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் எடுப்பித்த தாராசுரம் கோயிலில், காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலையை வைத்திருக்கிறான் ஒரு சிற்பி. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை. மறுபக்கத்தை மறைத்தால் யானை. குழந்தைகளை அழைத்துச் சென்றால் அந்த இடத்தைவிட்டு நகர்த்துவது சுலபமல்ல.

நம் களக்காட்டுக் குழந்தைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. சத்தியவாகீசுவரர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் ஊருக்குள்ளேயே நிற்கிறது; அதன் உட்புறத்தில் பழைய சுவர்ச் சித்திரங்கள் இருக்கின்றன. பக்கத்துத் திருக்குறுங்குடியில் நம்பி கோயிலின் சிற்பங்களைக் காண வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஆயினும், ‘விசித்திர மிருகம் ஒன்று வரை’ என்று நம் பிள்ளைகளிடம் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் சினிமாவில் பார்த்த நெருப்புக் கக்கும் பறவை நாகத்தையோ, நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள வெள்ளைக் குதிரையையோ வரைகிறார்கள். அந்நிய நாட்டுப் பிராணி என்பதற்காக நாம் அதை வெறுக்கவில்லை. கற்பனைக்குச் சுங்கச்சாவடி கிடையாது. நமது வருத்தம் வேறு. அப்பிள்ளைகள் வரைவது இன்னொருவர் கற்பனை செய்து முடித்ததை. அதில் அவர்கள் கண்ணுக்கு வேலை இல்லை.

யாளி செய்த சிற்பியின் கண்ணுக்கு வேலை இருந்தது. துதிக்கை எங்கே தடித்து எங்கே மெலிகிறது, பாயும் சிங்கத்தின் பின்னங்கால் எப்படி மடங்குகிறது என்று தெரியாதவன் இரண்டையும் பொருத்த முடியாது. பொருத்தினால் அது தைத்து ஒட்டிய பொம்மையாக நிற்கும். இல்லாததைப் படைப்பதற்கு இருப்பதை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல விரும்பும் விஷயம்.

பார்ப்பதற்கு நம் மேற்கு மலையில் என்னதான் இல்லை? களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988-ஆம் ஆண்டில் அமைந்தது. அங்கே வாழும் சிங்கவால் குரங்கின் பெயரிலேயே இரண்டு மிருகங்கள் இருக்கின்றன. இருவாட்சியின் அலகின்மேல் இன்னோர் அலகு கவிழ்த்தாற்போல ஒரு புடைப்பு. எறும்புதின்னியோ, மீனின் செதிலை உடுத்துக்கொண்டு நிலத்தில் நடக்கிறது. இயற்கையே யாளி செய்து பழகியிருக்கும்போது நம் குழந்தைகள் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

சென்ற மார்கழியில் நம் வகுப்பில் இதைச் சோதித்துப் பார்த்தோம். “உங்களுக்குத் தெரிந்த மூன்று பிராணிகளிலிருந்து ஒவ்வோர் உறுப்பை எடுத்து ஒரு பிராணி செய்யுங்கள், அது எப்படி நடக்கும், என்ன தின்னும் என்றும் சொல்ல வேண்டும்” என்றோம். வழக்கமாகக் கடைசி பெஞ்சில் வாய் திறவாமல் இருக்கும் பையன் ஒருவன் இருவாட்சியின் தலையையும் எருமையின் உடலையும் சிங்கவால் குரங்கின் வாலையும் சேர்த்தான். “ஸார், இந்த அலகு பாரத்துக்குக் கழுத்து தாங்காது, அதான் எருமைக் கழுத்து வச்சேன்” என்று அவனே விளக்கமும் சொன்னான். அந்த அட்டை சென்னையில் பலசரக்குக் கடையொன்றில் வேலை செய்யும் அவன் அண்ணனுக்குப் போயிற்று. இரண்டு வருஷமாக ஊருக்கு வராத அண்ணன் அதைக் கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்திருப்பதாகவும், வருகிறவர்களெல்லாம் ‘இது எந்த ஊர் மாடு?’ என்று கேட்பதாகவும் பையன் வந்து சொன்னபோது, அவன் குரல் வகுப்பு முழுவதும் கேட்டது.

இனிப் பின்னணி. வழவழப்பான வெள்ளைத்தாளில் பிராணி அநாதையாக நிற்கும். சொரசொரப்பான தளம் ஒன்று அதற்கு ஊரும் வீடுமாக அமைகிறது. அதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் மிகக் குறைவு.

முதலாவது, பாய். பத்தமடைக் கோரைப்பாயின்மேல் மெல்லிய தாளை விரித்து, மெழுகு வர்ணக்கோலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், பாயின் நெசவு அப்படியே தாளில் எழும்பும். அரசிலையின் நரம்பையும் இவ்விதமே எடுக்கலாம்.

இரண்டாவது, வாழைச்சருகு. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இது குப்பை, அட்டைக்கோ பொன். காய்ந்த மட்டையைத் துடைத்து, பழைய புஸ்தகத்துக்குள் சில நாள் அழுத்தி வைத்தால், தேன் நிறமும் காப்பி நிறமும் கலந்த கோடுகளுடன் பட்டுப்போல் வரும். ஈரம் சற்றும் இருக்கலாகாது. இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

மூன்றாவது, பசைத்தாள். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு நீர் விட்டுக் கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறியபின் வர்ணம் கலந்து தாளில் பூசி, ஈரம் காயுமுன் தென்னை ஈர்க்குக் கற்றையால் வாரினால் அலைகளும் வயல் வரப்புகளும் தோன்றும். ஐரோப்பாவில் புஸ்தகம் கட்டுவோர் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்ட முறை இது. பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பைண்டிங் தொழிலாளரின் பழக்கம். அது விஷமாகையால் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது.

நான்காவது, உப்பு. நீர்வர்ணம் ஈரமாயிருக்கும்போதே தூத்துக்குடிக் கல்லுப்பைச் சிறிது தூவி, நன்றாகக் காய்ந்தபின் தட்டிவிட்டால், உப்பு நீரை இழுத்த இடங்களிலெல்லாம் நட்சத்திரம் பூத்திருக்கும். இரவு வானத்துக்கு இதைவிட எளிய வழி நாம் அறியோம்.

அட்டை மடிக்கும்போது ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. யந்திரத்தில் செய்த தாளின் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அத்திசையில் மடித்தால் மடிப்பு நேராக விழும், குறுக்கே மடித்தால் பிளந்து காட்டும். மடிக்குமுன் இரு பக்கமும் இலேசாக வளைத்துப் பார்த்தால் எது இணங்குகிறதென்று தெரிந்துவிடும். கைக்காகிதத்தில் இழைகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் இத்தொல்லை குறைவு. 1934-இல் வார்தாவில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கமும், தஞ்சையில் பிறந்து அதன் காரியங்களை நடத்திய ஜே. ஸி. குமரப்பாவும் கைக்காகிதத்தை ஆதரித்தது இதற்காக அல்ல, கிராமத்தானுக்குப் பிழைப்புக் கிடைப்பதற்காக. அட்டை செய்பவருக்கும் அதனால் லாபமே.

பின்னணி எவ்வளவு அழகாயிருந்தாலும் பிராணியை விழுங்கிவிடக் கூடாது. பிராணியைத் தனித்தாளில் வரைந்து வெட்டி, பின்னால் சிறு அட்டைத்துண்டு வைத்து ஒட்டினால் சற்று உயர்ந்து நின்று நிழல் விழும். தூணைவிட்டு யாளி துருத்திக்கொண்டு நிற்கும் அழகின் ரகசியம் இதுவே. ஆனால் உயர்ந்த பாகம் தபாலில் நசுங்கும். தடித்த உறையில் இட்டு, தபாலாபீஸில் எடை பார்த்து முத்திரை ஒட்டுவது உத்தமம்.

1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் அச்சிட்டு விற்ற கிறிஸ்துமஸ் அட்டையிலிருந்துதான் வாழ்த்து அட்டை வியாபாரமாயிற்று என்பார்கள். அவர் அதைச் செய்த காரணம், ஒவ்வொருவருக்கும் தம் கையால் கடிதம் எழுத நேரமில்லை என்பதே! ஜப்பானில் புதுவருஷ அட்டைகளில் அவ்வாண்டுக்குரிய மிருகத்தைப் போடுவது வழக்கம்; பன்னிரண்டு மிருகங்களில் ஒன்று கற்பனையான பறவை நாகம். கிழங்கைக் குறுக்கே வெட்டி, அதில் அம்மிருகத்தைச் செதுக்கித் தாங்களே அச்சுக் குத்தும் குடும்பங்கள் அங்கே உண்டு. அங்கேயும் அட்டைகளின் தொகை வருஷத்துக்கு வருஷம் குறைந்துதான் வருகிறது. ஆயினும் செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தாய்மார்களுக்கும் தகப்பனார்களுக்கும் ஒரு விண்ணப்பம். குழந்தை வரைந்த பிராணியைப் பார்த்து ‘இப்படி ஒரு மிருகம் உண்டா?’ என்று சிரித்துவிடாதீர்கள். ‘இது எங்கே தூங்கும்? இதன் குட்டி எப்படி இருக்கும்?’ என்று கேளுங்கள். பதில் தேடி அது மறுநாள் தொழுவத்து மாட்டையும் கூரைமேல் அணிலையும் உற்றுப் பார்க்கும். வருகிற தைக்கு வீட்டுக்கு ஒரே ஓர் அட்டை போதும். யாருக்கு அனுப்புவது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கட்டும். விலாசம் எழுதும்போது மட்டும் பின்கோடு எண்ணைப் பெரியவர்கள் சரிபார்த்துக் கொடுத்தால் நலம்.