கல்லுக்குக் கண்மலர், மனிதனுக்குக் குருடா?

நல்லம்பள்ளிப் பக்கத்துக் காடுகளில் கேழ்வரகு அறுக்கும்போது தாள் கண்ணில் கீறிவிட்டால் நம் ஜனங்கள் செய்வதென்ன? ஒருவர் நாக்கால் தூசி எடுக்கிறார். ஒருவர் தாய்ப்பால் விடுகிறார். மற்றொருவர் கோயில் குளத்துத் தீர்த்தம் தெளிக்கிறார். கண் சிவந்து வலி பொறுக்க முடியாமற் போனால் "அம்மன் குற்றம்" என்று கண்மலர் சாற்ற நேர்ந்துகொள்ளுகிறார்கள்.

அம்மன் குற்றமல்ல, அமீபாவின் குற்றம் என்கின்றோம். அக்காந்தமீபா என்னும் ஓரணு உயிர் மண்ணிலும், குளத்திலும், கிணற்றிலும், குழாய்த் தண்ணீரிலுங்கூட வாழ்கிறது. கீறல் பட்ட கருவிழிக்குள் புகுந்து அதை அரித்துப் புண்ணாக்குகிறது. கண்ணில் தெரியும் புண்ணைவிட வலி பெரிதாயிருக்கும். மருந்து பட்டால் கூடு கட்டி ஒளிந்துகொள்ளும். ஆதலால் மாதக்கணக்கில் வைத்தியம் செய்யவேண்டும். மேல்நாட்டில் இது பெரும்பாலும் கண்ணின்மேல் காண்டாக்ட் லென்சு வைத்துக்கொள்ளுவோருக்கு வருகிறது. நம் நாட்டிலோ மண்ணும் அழுக்குத் தண்ணீரும் கண்ணில் பட்ட உழைப்பாளிக்கு வருகிறது.

தீர்த்தத்துக்கு மகிமையிருந்தால், அதற்குள்ளேயே குடியிருக்கும் அமீபாவை அல்லவா அது முதலில் கொன்றிருக்க வேண்டும்?

நிற்க, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச்சு வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். 284 பேருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி வளர்த்துக் கண்டறியப்பட்ட 297 பேரில் அமீபா 3 பேருக்கு. மற்றவர்களுக்குப் பாக்டீரியாவும் பூஞ்சையும். "மூன்றுதானே" என்பீர்களா? மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. பூஞ்சைக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்தை அமீபாவுக்கு நம்ப முடியாது. புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலன்றி எது என்று சாமிக்கும் தெரியாது, பூசாரிக்கும் தெரியாது, மருந்துக் கடைக்காரருக்கும் தெரியாது. அவர் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை மறைத்துக் கிருமியை வளர்க்கும்.

கண்மலரைத் தட்டில் வாங்கும் அர்ச்சகர் மட்டும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறாரே, அவர் ஏன் தீர்த்தத்தோடு நிற்கவில்லை?

தோழர்களே! கண்ணில் அடிபட்டால் கசக்காதீர்கள், எதையும் பிழிந்து விடாதீர்கள். அன்றைக்கே தர்மபுரி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் கருவிழிப் புண் பரிசோதனை இருக்க வேண்டுமென்று சர்க்காரைக் கேளுங்கள். கல்லுக்கு வெள்ளிக் கண் வாங்கக் காசிருக்கிறவனுக்குத் தன் கண்ணைக் காக்க பஸ் சார்ஜ் இல்லையா என்று கேட்கின்றோம்.