குளிர்ப்பெட்டிக்கு எத்துணை வெயில் வேண்டும்?

லக்சபான நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கிற்று. மலைநாட்டு நீர் கொழும்புக்கு ஒளி தந்த பின்னரும், அந்நீரின் அயலில் வாழ்ந்த தொழிலாளரின் லயக் காம்பிராக்களில் நெடுங்காலம் குப்பிவிளக்கே எரிந்தது. இன்று மின்கம்பி வந்துவிட்டது. எனினும் ஆடிக் காற்றில் மரமொன்று கம்பியின் மேல் சாய்ந்தால் மீண்டும் இருள்தான்.

ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம், "சேர், சூரியத் தகடு வாங்கலாமா? அப்பாயியின் இன்சுலின் வைக்கிற பெட்டி நிற்கக் கூடாது" என்று வினவினாள். தாயாரின் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறதாம். அப்பணம் இருமுறை வருவதன்று. ஆதலின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சிறு குளிர்ப்பெட்டியொன்று ஓடும்போது 100 வாற்று மின் கொள்வதாக வைத்துக்கொள்க. போதிய குளிர் ஏறியதும் அது தானே நின்று, பின்னர் மீண்டும் ஓடும். நாளில் மூன்றிலொரு பங்கு ஓடினால் 8 மணி நேரம். அஃதாவது 800 வாற்று மணி. பற்றரியிலும் இன்வேட்டரிலும் வீணாவதைக் கூட்டினால் ஏறக்குறைய 1,150 ஆகும்.

விற்பனையாளர், நாளொன்றுக்கு 5 மணி நேர முழு வெயில் என வகுத்து, 230 வாற்றுத் தகடு போதும் என்பார். மாசி, பங்குனிக்கு அது பொருந்தும். தென்மேற்குப் பருவ மழையும் மூடுபனியும் மலையைப் போர்த்தியிருக்கும் ஆனி, ஆடியிலோ 2 மணி நேரத்துக்கு மேல் நம்புதல் தகாது. அப்பொழுது 575 வாற்று வேண்டும். கம்பி அறுவது எம்மாதத்திலோ, வெயில் அருகுவதும் அம்மாதத்திலேதான்! விலைப்பட்டியலில் இது காணப்படுவதில்லை.

ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே வெயிலற்ற ஒரு நாளைச் சமாளிக்க 12 வோல்ற்றில் ஏறத்தாழ 200 அம்பியர் மணி தேவை. பெட்டி ஓடத் தொடங்கும் கணத்தில் பன்மடங்கு மின் இழுக்குமாதலால் இன்வேட்டரும் பெரிதாயிருத்தல் வேண்டும். பொதுக் கம்பியோடு இணைத்து மின் விற்கும் தகடுகளோ, பற்றரி இல்லையெனில், கம்பியில் மின் நின்றதும் தாமும் நின்றுவிடும். கம்பி திருத்துவோரின் உயிர்க்காப்புக்காக அவ்வாறு அமைத்திருக்கிறார்கள்.

ஆயினும் மருந்து ஒன்றே கவலையானால் இவ்வளவு செலவு வேண்டா என்பது என் எண்ணம். உபயோகத்திலுள்ள இன்சுலின், பெரும்பாலான வகைகளில், 25 பாகைக்கு உட்பட்ட வெப்பத்தில் நான்கு வாரமளவு கெடாது. எத்தனை நாளென்பதை மருந்தகத்தாரிடம் கேட்டறிக. தகரக் கூரையின் சூடு படாத நிழல் மூலை மலைநாட்டு வீட்டில் அரிதன்று. பிரிக்காத குப்பிகளுக்கு, மின் நின்றதும் பெட்டியைத் திறவாதிருத்தலே முதற் காப்பு. பனிக்கட்டி உறையும் அறையில் மட்டும் வைத்தலாகாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது.

இரண்டு விளக்குக்கும் கைத்தொலைபேசிக்கும் 50 வாற்றுத் தகடும் சிறு பற்றரியும் போதும். அதனையே முதலில் வாங்குமாறு அவளுக்குக் கூறியுள்ளேன்.