ராக்பாக்ஸ் அளித்த உரிமை

ஆர்க்கோஸ் ஜூக்பாக்ஸ் என்னும் இசை கேட்கும் கையடக்கக் கருவியில் உடன்வந்த மென்பொருளால் திருப்தியுறாத ஸ்வீடன் தேசத்து நிரலாளர் சிலர், அம்மென்பொருளின் ஸ்தானத்தில் நிறுவத்தக்க ராக்பாக்ஸ் என்பதை 2001-இல் தாமே இயற்றத் தொடங்கி, மூல நிரலையும் உலகோர்க்குப் பொதுவாக்கியது மகத்தான காரியம். பின்னாளில் ஐபாட் முதலியவற்றிலும் அது குடியேறிற்று. இடப்புற ஒலியில் ஒரு சிறு பங்கை, உச்ச ஸ்வரங்களைத் தணித்து, இம்மியளவு தாமதித்து வலச் செவிக்கும், அவ்வாறே வலப்புறத்ததை இடச் செவிக்கும் கலந்தளிக்கும் அதன் கிராஸ்ஃபீட் வசதியால், ஹெட்போனில் இருகூறாய்ப் பிளந்து ஒலிக்கும் பழைய ஸ்டீரியோ பதிவுகள், எதிரே ஒலிபெருக்கி வைத்துக் கேட்பதற்கு நிகரான சௌக்கியத்தை எய்துகின்றன. விலை கொடுத்து வாங்கியவன் தன் கருவியின் நாதத்தைத் தன் செவிக்கிசையத் திருத்திக்கொள்ள இயலாதபடி பூட்டிவைப்பது அநியாயம் என்பதே என் திடமான அபிப்பிராயம்.