எல்லாக் கேள்விக்கும் ஒரே தேடுபொறி போதாது

2024 ஜூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அன்று முதல் நடக்கும் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை சொல்வது பிரிவு 302 அல்ல, 103. மோசடிக்கே மறுபெயராகிப்போன 420, இப்போது 318-க்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் இணையத்தில் தேடினால், பழைய எண்களை இன்றைய சட்டம்போலச் சொல்லும் பக்கங்களும் புதியவற்றோடு கலந்து வருகின்றன. ஒரு சட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறதா என்று சரிபார்ப்பது பொதுத் தேடுபொறியின் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. அந்த வேலைக்கு வேறு தளங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நம்மில் பெரும்பாலோருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதே உண்மையான சிக்கல்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது, அதன் அடிப்படை எளிமையானது: ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, அப்படிக் கொடுப்பவை எவ்வளவு முக்கியமானவை என்று கணக்கிட்டு வரிசைப்படுத்துவது. பின்னர் பல அளவுகோல்கள் சேர்ந்தன, விளம்பரங்களும் சேர்ந்தன. சமையல் குறிப்பு, திரைப்பட நேரம், அருகிலுள்ள கடை ஆகியவற்றுக்கு இந்த முறை அருமையாக உதவும். நோய், வழக்கு, நிலம், வரலாறு என்று வரும்போது, பலரும் பார்க்கும் பக்கம் சரியான பக்கமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அங்கே நாம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்கான ஆதாரத்தை யார், எங்கே திரட்டி வைத்திருக்கிறார்கள்?

நோயும் மருந்தும்

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளத்தில் மூன்றரைக் கோடிக்கும் அதிகமான மருத்துவ, உயிரியல் ஆய்வுக் குறிப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பொருள்வாரியான கலைச்சொல் பட்டியல் ஒன்று அதன் பின்னணியில் இயங்குகிறது. பேச்சுவழக்கில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினாலும், ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற மருத்துவப் பெயரில் வகைப்படுத்தப்பட்ட கட்டுரைகளையும் சேர்த்தே தேடுகிறது.

பொதுத் தேடலுக்கும் இத்தகைய தளத்துக்கும் உள்ள வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடு. எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆன்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. பப்மெட்டில் அந்தக் கட்டுரையைத் திறந்தால், திரும்பப் பெறப்பட்டது என்ற எச்சரிக்கை முதலில் கண்ணில் படும். சமூக ஊடகங்களில் சுற்றும் அதன் பிரதிகளில் அந்த எச்சரிக்கை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பப்மெட்டில் இருப்பதாலேயே ஓர் ஆய்வு தரமானதாகிவிடாது என்பதும் உண்மை. ஒரு சிகிச்சை குறித்த பல ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டு முடிவு சொல்லும் காக்ரேன் நூலகம் அங்கே துணைக்கு வரும். அதன் எளிய சுருக்கங்கள் பல தமிழிலேயே கிடைக்கின்றன. மருத்துவரிடம் போவதற்கு மாற்றாக அல்ல, மருத்துவரிடம் தெளிவான கேள்வி கேட்பதற்கு இவை உதவும்.

சட்டமும் நிலமும்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகும் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகிவந்ததை அறிந்து, 2021-ல் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. சட்டத்தின் இன்றைய நிலையை அறியாததன் விலையைச் சாதாரண மக்கள் கொடுத்தார்கள். சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியாளர் 2008-ல் தொடங்கிய இந்தியன் கானூன் தளத்தில், ஒரு தீர்ப்பைப் பிந்தைய தீர்ப்புகள் எங்கெல்லாம் மேற்கோள் காட்டியுள்ளன என்று பார்க்கலாம். சட்ட வாசகத்துக்கு அரசின் ‘இந்தியா கோட்’ தளமும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு 2023-ல் வந்த ‘இ-எஸ்சிஆர்’ தளமும் இலவசமாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் நிலம் வாங்குபவர் பட்டா, சிட்டாவை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும், வில்லங்கத்தைப் பதிவுத் துறைத் தளத்திலும் பார்த்துவிட வேண்டும். தரகர் அனுப்பும் படத்தை மட்டும் நம்பக் கூடாது.

தமிழின் தனிச் சிக்கல்

பழந்தமிழ் நூல்களுக்கு 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், அரிய அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் இயங்கும் நூலகம் தளம் என்று நமக்கும் செல்வங்கள் உண்டு. பொதுத் தேடலில் இவை பெரும்பாலும் பின்னால் தள்ளப்படுகின்றன. காரணம் நம் பக்கமும் இருக்கிறது. வருடிய படங்களாக மட்டுமே இருக்கும் நூல்களின் உள்ளே தேடுபொறிகளால் எளிதில் நுழைய முடியாது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான அரசு ஆவணங்கள், கணினியின் பார்வையில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவைகளே. ஒருங்குறியை (யூனிகோட்) தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய அரசாணைகளையும் அறிக்கைகளையும் தேடக்கூடிய எழுத்துகளாக மாற்றும் வேலை இன்னும் வேகம் பெற வேண்டும்.

உரையாடும் செயலிகளின் காலம்

சாட்ஜிபிடி போன்ற செயலிகள் வந்த பின் இந்தத் தளங்களுக்குத் தேவை இல்லை என்பவர்கள், நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கைக் கவனிக்க வேண்டும். ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான அந்த வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அவற்றில் ஆறு, எங்குமே வழங்கப்படாத தீர்ப்புகள். அவை உண்மைதானா என்று ஒரு வழக்கறிஞர் அந்தச் செயலியிடமே கேட்டிருந்தார். ‘உண்மைதான், சட்டத் தரவுத்தளங்களில் இருக்கின்றன’ என்று அது சொன்னது. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் பொய் உடனே வெளிப்பட்டிருக்கும். 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. செயலி வழி காட்டலாம். ஆதாரத்தை அதன் இருப்பிடத்தில் போய்ச் சரிபார்க்கும் பொறுப்பு நம்முடையது.

இந்தப் பழக்கம் தானாக வராது. பள்ளிக் கணினி வகுப்புகளில் மென்பொருளோடு சேர்த்து, எந்தக் கேள்விக்கு எந்தத் தளம் என்பதையும் கற்றுத்தர வேண்டும். கிளை நூலகம் வரை பரவியிருக்கும் நம் பொது நூலகக் கட்டமைப்பில், நூலகர்களுக்கு இதற்கான பயிற்சி தந்து, வாசகர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பையும் ஒப்படைக்கலாம். பொதுமக்கள் பயன்படுத்தும் அரசுத் தளங்கள் ஒவ்வொன்றிலும் தமிழ்த் தேடல் உருப்படியாக வேலை செய்தாக வேண்டும். நல்ல தகவல்களில் பெரும்பகுதி மக்கள் பணத்தில் உருவாகி, கட்டணமின்றித் திறந்தே இருக்கிறது. ஆங்கிலமும் துறை அறிவும் உள்ளவர்கள் மட்டுமே அதை அடைய முடிகிற நிலை நீடித்தால், இணையம் பழைய ஏற்றத்தாழ்வையே புதிய வடிவில் வளர்க்கும். அதைத் தடுப்பது கல்வித் துறையும் நூலகத் துறையும் சேர்ந்து உடனே தொடங்கக்கூடிய வேலை.