நாண வேண்டியவர் எவர்?

ஜப்பானோடு போர் மூண்டிருந்த வேளையில், 1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண்ணுள்ள ஆணையில் ஒப்பமிட்டார். அவ்வாணையில் ஜப்பானியர் என்னும் சொல்லே இல்லை. படைத்தலைவர்கள் தாம் வரையறுக்கும் பகுதிகளிலிருந்து எவரையும் அகற்றலாம் என்பதே அதன் வாசகம். ஆயினும், குடும்பம் குடும்பமாக வாரிச் செல்லப்பட்டது ஓரினமே. மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களுக்குள் தள்ளப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இருவர் அம்மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். அவர்தம் பெற்றோர்க்கோ, எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் குடியுரிமை இல்லையென அந்நாட்டுச் சட்டமே கதவடைத்திருந்தது.

கையால் தூக்க இயன்றதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றனர். ஆண்டுக்கணக்கில் சேர்த்த தட்டுமுட்டுப் பொருள்கள் சில நாள்களில் அடிமாட்டு விலைக்குப் போயின. குடும்பத்துக்கு ஓர் எண் தந்து, அதை அட்டையில் எழுதிக் குழந்தையின் மேலங்கியிலும் கட்டித் தொங்கவிட்டனர். சாண்டா அனிட்டா, டான்போரான் பந்தயத் திடல்களில் குதிரைக் கொட்டில்களே பலருக்கு முதல் இருப்பிடமாயின. பின்னர் மன்சனார், டூலி ஏரி, ஹார்ட் மவுண்டன் முதலிய பத்து முகாம்கள்.

அங்கே அடுப்பு அணைந்தது. அதனோடு குடும்பமும் தளர்ந்தது. மணி அடித்ததும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். நாளடைவில் பிள்ளைகள் தத்தம் தோழரோடு ஒரு மேசைக்கும், தந்தையர் வேறொரு மேசைக்கும் பிரிந்தனர்; கைக்குழந்தையுடன் தாய் ஒரு மூலையில் அமர்ந்தாள். உழைத்துக் காப்பவன் தந்தை, உண்பித்துக் காப்பவள் தாய் என்னும் இரு நிலைகளையும் அரசு ஒருசேரப் பறித்தது. முகாமில் மருத்துவர்க்கும் திங்களுக்கு 19 டாலரே ஊதியம் எனில், குடும்பத் தலைவனின் சொல்லுக்கு மதிப்பு எங்ஙனம் நிற்கும்?

நாட்டுக்கு உண்மையாய் இருப்பீரா என்று கேட்டு 1943-இல் நீட்டப்பட்ட பற்றுறுதி வினாத்தாள் எஞ்சிய பிணைப்பையும் அறுத்தது. 'ஆம்' என்றால் மகன் போர்முனைக்குப் போக நேரும். 'இல்லை' என்றால் டூலி ஏரித் தனிமுகாம். ஒரே அறையில் உறங்கிய தந்தையும் மகனும் எதிரெதிர் விடை எழுதிப் பிரிந்தனர்.

நாட்டின் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்பது அன்றைய வாதம். ஆனால், ஜப்பான் குண்டு வீசிய ஹவாய்த் தீவுகளில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வழியினரே. அங்கோ இத்தகைய வெளியேற்றம் நிகழவில்லை. அவர்தம் உழைப்பின்றித் தீவு இயங்காது என்பதை ஆள்வோர் அறிந்திருந்தனர். இவ்வொன்றே அவ்வாதத்தின் பொய்ம்மையைக் காட்டப் போதும். எனினும், இவ்வெளியேற்றத்தை எதிர்த்து எழுந்த கொரமாட்சு வழக்கில் 1944-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கமே நின்றது.

போர் முடிந்தது, வேலி அகன்றது, வாய்கள் மட்டும் திறக்கவில்லை. பெற்றோர் எப்போதேனும் 'கேம்ப்' என்று பேசிக்கொண்டபோது, கோடை விடுமுறைக்குச் சென்ற இடம் போலும் என்று எண்ணி வளர்ந்த பிள்ளைகள் உண்டு. குற்றமற்றவர் நாணினர், குற்றமிழைத்த அரசு நிமிர்ந்து நின்றது. இக்கொடுமையின் உச்சம் இதுவே என்போம்.

நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 1981-இல் ஊர் ஊராக அமர்ந்து கேட்டபோதுதான் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் சான்றளித்தனர். பெற்றோரின் கதையைப் பிள்ளைகள் பலர் அன்றே முதன்முறை கேட்டனர். இனவெறுப்பு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தவறு ஆகியவையே காரணம் என ஆணையம் 1983-இல் எழுதிற்று. 1988-இல் இயற்றிய சட்டம் மன்னிப்புக் கேட்டது; உயிரோடிருந்த ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் வழங்கவும் வகைசெய்தது. அதற்குள் முதல் தலைமுறையினருள் மிகப்பலர் மண்ணுக்குள் போயினர்.

அத்தொகை இழந்த நிலத்துக்கும் ஈடாகாது; பிரிந்துண்ட நாள்களுக்கும் ஈடாகாது. ஆயினும், நாற்பத்தாறு ஆண்டுகள் எளியோர் சுமந்த நாணத்தை அரசு தன் தோளுக்கு மாற்றிக்கொண்டது. தவறிழைத்த எந்த அரசும் செய்யத்தக்க முதற்கடன் அது. காலந்தாழ்த்தும் ஒவ்வொரு நாளும் மன்னிப்பைப் பெறவேண்டியவரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்.