மதுராந்தகத்தில் பொன் உண்டா?

மதுராந்தகம் ஏரிக்கரையோரம் உடைத்துப் போட்ட கருங்கல் ஜல்லியில் சில சமயம் மஞ்சளாக ஏதோ மினுக்கும். சிறுவர்கள் அதைப் பொன்னென்று பொறுக்கி வைப்பார்கள். பெரியவர்களுக்கும் அந்தச் சபலம் இல்லாமலில்லை. அது காக்காய்ப்பொன். நகத்தால் கீறினால் ஏடு ஏடாக உரிந்துவிடும். ஏரி காத்த ராமர் காத்தது தண்ணீரைத்தான்!

அப்படியானால் மேற்கே கோலாரில் மட்டும் பொன் விளைந்தது எப்படி?

வாஸ்தவத்தில் பொன் பூமியில் விளைவதே இல்லை. பூமி உண்டாவதற்கு முன்பே நட்சத்திரங்களின் மோதல்களிலும் வெடிப்புகளிலும் பிறந்த பொருள் அது. எல்லாப் பாறைகளிலும் சிறிது கலந்திருக்கிறது. சராசரியாக டன்னுக்குச் சுமார் 4 மில்லிகிராம். ஒரு சவரனுக்கு 2,000 டன் கல்லை அரைக்க வேண்டும். இந்த வியாபாரத்தில் இறங்குகிறவர் மனைவியின் தாலிக்கொடியையும் விற்க நேரிடும். சிதறிக் கிடப்பதை ஒன்று திரட்ட ஒருவர் வேண்டுமல்லவா? அவ்வேலையைச் செய்தது வெந்நீர்.

கோலார்ப் பாறைகள் சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாய்ப் பொங்கி உறைந்தவை. பிற்பாடு பூமி நெருக்கியபோது, ஆழத்திலிருந்த கற்கள் தம்முள் அடங்கிய நீரைக் கக்கின. கந்தகம் கலந்த அக்கொதிநீர் பொன்னைக் கரைத்துக்கொண்டு பிளவுகளின் வழியே மேலேறிற்று. இரும்பு மிகுந்த பாறையைத் தொட்டதும் கந்தகம் இரும்போடு சேர்ந்துகொண்டது. துணையிழந்த பொன் அங்கேயே படிந்தது. பிளவுகளை அடைத்த வெங்கச்சங்கல்லின் வெண்ணிற நரம்புகளில்தான் அது அகப்பட்டது.

செங்கற்பட்டுப் பகுதியின் கருங்கல்லோ பெரும்பாலும் சார்னோகைட். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைக் கொண்டு 1893-இல் ஹாலண்டு என்பவர் இட்ட பெயர் இது. மிகுந்த ஆழத்தில், கடும் உஷ்ணத்தில், நீர்ப்பசையே அற்று உருவான கல். தண்ணீர் இல்லாத இடத்தில் பொன்னைச் சுமந்து வர யார் இருக்கிறார்கள்?

கோலாருக்கு 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழர்கள் பலர் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கி வெட்டினார்கள். லாபம் லண்டனுக்குப் போயிற்று. வெங்கச்சங்கல்லின் தூசி அவர்களுடைய நுரையீரலில் தங்கிற்று. மைசூர் சர்க்கார் 1956-இல் சுரங்கங்களை ஏற்றபோது வளமான கல் பெரும்பாலும் தீர்ந்திருந்தது. தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தந்த கல், கடைசியில் 3 கிராமளவே தந்தது. சுமார் 800 டன் பொன்னைக் கொடுத்துவிட்டு 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

அரைத்துக் கொட்டிய சயனைட் மண்மேடுகள் இன்றும் ஊரைச் சுற்றி நிற்கின்றன. பலத்த காற்றடித்தால் அம்மண் வீடுகளுக்குள் பறந்து வருகிறது. அதிலும் டன்னுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் பொன் மிச்சமிருக்கிறது.