58-க்கும் 50-க்கும் நடுவே

இதய எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெற்றோரின் கண் முதலில் தேடுவது ஓர் எண்ணை. எஜெக்ஷன் ஃப்ராக்ஷன். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படுகிறது என்பதற்கான கணக்கு. 55-க்கு மேல் இருந்தால் நிம்மதி. போன தடவை 58, இந்தத் தடவை 50 என்றால் அன்று இரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பரீட்சையில் மார்க் குறைந்தால் பிள்ளையைத் திட்டலாம். இந்த மார்க் குறைந்தால் யாரைத் திட்டுவது?

பிள்ளை சிறியவனாக இருக்கும்வரை இதற்கு ஒரு வழி இருக்கிறது. டாக்டரைத் தேடுவது, மருந்தை ஊட்டுவது, கோயிலுக்கு நேர்ந்துகொள்வது எல்லாம் நம் கையில். முப்பது வயதை நெருங்கும் பிள்ளை வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டால்? கவலை நம்முடையது, முடிவு நம்முடையது அல்ல. எந்த டாக்டரும் இதற்கு மருந்து எழுதித் தருவதில்லை.

எனக்கு இது சொந்த விஷயம். என் மகளுக்குப் பிறவியிலேயே டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ. மார்செய் நகர மருத்துவர் ஃபாலோ 1888-ல் விவரித்த, நான்கு குறைகள் சேர்ந்த கோளாறு. கீழறைகளுக்கு இடையே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் குறுகல், ஓட்டைக்கு மேலே நகர்ந்து நிற்கும் மகாதமனி, தடித்துப்போன வலது கீழறை. அழுதால் உதடு நீலமாகிவிடும். 1998-ல், 3 வயதில் ஆபரேஷன் நடந்தது. ஓட்டையை அடைத்தார்கள். குறுகலான பாதையை ஒட்டுப் போட்டு அகலப்படுத்தினார்கள். "சரிசெய்திருக்கிறோம்" என்றார் சர்ஜன். "குணமாகிவிட்டது" என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை.

அந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வருகிறது. பாதையை அகலப்படுத்தும்போது பலருக்கு அங்குள்ள வால்வு சரியாக மூடாமல் போகிறது. நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. வலது கீழறை அந்தக் கூடுதல் சுமையை ஆண்டுக்கணக்கில் முணுமுணுக்காமல் சுமக்கிறது, மெல்ல விரிகிறது. ஆள் ஓடியாடி வேலை செய்துகொண்டுதான் இருப்பார். ஸ்கேனில் மட்டும் சொற்கள் மாறும். டெல்லியில் எடுத்த எக்கோவில் "லேசான விரிவு". பெங்களூரில் அதே. புனேயில் "மிதமான விரிவு". கூடவே அந்த 50.

இங்கேதான் பெற்றோர் சற்று மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும். எக்கோ அளவு நாடாவைப் போன்றது அல்ல. 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதன் முதல் சோதனைகளைச் செய்தபோது பயன்படுத்தியது, கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை. இன்றைய இயந்திரம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனாலும் ஒலி அலை திரும்பி வருவதை வைத்து ஒரு மனிதர் கோடு வரைந்துதான் கணக்கிடுகிறார். சில இடங்களில் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டு எழுதுகிறார்கள். ஆள் மாறினால், இயந்திரம் மாறினால், அன்றைய ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் மாறினால் எண்ணும் மாறும். வழக்கமான எக்கோவில் ஒரே இதயத்துக்கு இரண்டு தடவை எடுத்தால் 10 புள்ளிகள் வரைகூட வேறுபடலாம். எனவே மூன்று ஊர், மூன்று லேப், மூன்று எண் என்பது மூன்று சாட்சிகளின் வாக்குமூலம் மாதிரி. ஒரே லேபில், ஒரே முறையில், ஆண்டு தவறாமல் எடுத்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அதில் போக்கு தெரியும்.

இன்னொன்று. ஃபாலோ ஆபரேஷன் ஆனவர்களுக்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வலது கீழறை. அதன் கோணல்மாணலான வடிவத்தை எக்கோ சரியாக அளப்பதில்லை. எம்.ஆர்.ஐ.தான் நம்பகமானது. என் மகளுக்கு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 124 மில்லி இருந்த கொள்ளளவு மூன்று ஆண்டுகளில் 138 ஆகியிருக்கிறது. 150, 160-ஐ நெருங்கும்போது வால்வு மாற்றுவது பற்றி டாக்டர்கள் தீவிரமாக யோசிப்பார்கள். அப்போதும் அந்த எண்ணை மட்டும் பார்த்து அல்ல. மூச்சு வாங்குகிறதா, ட்ரெட்மில்லில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறார், இ.சி.ஜி. என்ன சொல்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான். நெஞ்சைத் திறக்காமல் ரத்தக் குழாய் வழியாகவே வால்வு பொருத்தும் முறை 2000-ல் பாரிஸில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. இன்று பலருக்கு அதுவும் ஒரு வாய்ப்பு.

ஆக, எக்கோவில் தெரிந்த சரிவு பெரிய விஷயமில்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த ஏற்றம் உண்மையானது, ஆனால் மெதுவானது. வால்வு மாற்ற வேண்டியிருக்கும். எப்போது என்பதுதான் கேள்வி. இதைக் கேட்டுவிட்டு என் மகள், "சரிப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள். "ரிப்போர்ட் அனுப்பறேன். ஆனா நீங்க ராத்திரி உக்காந்து கம்ப்யூட்டர்ல தேடக்கூடாது" என்று நிபந்தனையும் போட்டாள். அவள் அம்மா சுவாமி அறைக்குப் போனாள். நான் மொட்டை மாடிக்குப் போனேன்.

நம் குடும்பங்களில் இந்த ஸ்கேனுக்கு இன்னொரு வாசகர் வட்டமும் உண்டு. ஜாதகப் பொருத்தம் பார்க்கும் வட்டம். "நெஞ்சுத் தழும்பு ரவிக்கையில் மறைந்துவிடும், எதற்கு வாயைத் திறக்கணும்?" என்று அக்கறையோடு ஆலோசனை சொல்லும் அத்தைகள் பம்பாய் மாட்டுங்காவிலும் இருக்கிறார்கள், டெல்லி கரோல்பாக்கிலும் இருக்கிறார்கள். மறைப்பது அநியாயம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஃபாலோ ஆபரேஷன் ஆன பெண்களில் பலர் நல்லபடியாகக் குழந்தை பெறுகிறார்கள். ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே இதய டாக்டர் பார்த்திருக்க வேண்டும், கர்ப்பகாலம் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். கணவனிடமே ரகசியமாக இருக்கும் இதயத்தை எந்த டாக்டர் கண்காணிப்பார்? யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவள் அவள். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் நாம் நடிக்காமலிருந்தாலே அவளுக்குப் பெரிய உதவி.

அப்படியானால் பெற்றோருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. வேறு யாராலும் செய்ய முடியாத வேலை. 3 வயதில் நடந்ததற்கு அவளுக்கு நினைவு கிடையாது. எந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள், வால்வு வளையத்தை வெட்டினார்களா, ஆபரேஷன் முடிந்து எத்தனை நாள் ஐ.சி.யு.வில் இருந்தாள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை - புது டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு விடை பழைய டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நம் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. பழைய ஆவணங்களை ஆஸ்பத்திரிகள் எப்போதும் பாதுகாத்து வைத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நாமும் என்றென்றும் இருக்கப்போவதில்லை.

பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் இருந்த பச்சை ஃபைலை எடுத்தேன். ஓரம் மஞ்சளாகியிருந்த ஆபரேஷன் குறிப்பு முதல் புனே எக்கோ வரை எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, நகல் எடுத்து, எனக்கு நினைவிருந்ததையும் இரண்டு பக்கம் எழுதி வைத்தேன். நகல் என்னிடம் இருக்கிறது. அசலைக் கூரியரில் அவளுக்கு அனுப்பிவிட்டேன்.